கார் மிரர்களைச் சரியாக வைப்பது எப்படி: சீட்டில் தொடங்கி லேன் மாறுவது வரை

மூன்று மிரரும் ஒரே இடத்தைக் காட்டும்படி வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள்தான் அதிகம். உள் மிரரில் பின்னால் வரும் கார் தெரியும். வலது மிரரில் அதே கார். இடது மிரரிலும் அதே கார், கூடவே நம் காரின் பின்கதவு. கதவு எங்கேயும் போய்விடாது, அதைக் காவல் காக்க வேண்டியதில்லை. பக்கத்து லேனில் நம் பின்சக்கரத்துக்கு நேராக வரும் பைக்தான் எந்த மிரரிலும் சிக்காமல் போகிறது. அந்த இடத்துக்குத்தான் பிளைண்ட் ஸ்பாட் என்று பெயர்.

உள் மிரர் விட்ட இடத்தில் சைடு மிரர் பிடிக்க வேண்டும். சைடு மிரர் விட்ட இடத்தில் உங்கள் ஓரக்கண் பிடிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான். வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும்.

தொடங்கும் முன்

காரைச் சமதளமான இடத்தில், பின்னால் குறைந்தது 30 மீட்டராவது திறந்த வெளி இருக்கும்படி நிறுத்துங்கள். சரிவில் வைத்து அமைத்தால் மேல்-கீழ் கோணம் தப்பாகிவிடும். பகல் வெளிச்சம் வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். மின்சார மிரர் என்றால் இக்னிஷனையும் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

மிரர்களையும் பின்பக்கக் கண்ணாடியையும் முதலில் துடைத்துவிடுங்கள். பின்சீட்டில் யாரும் உட்காராவிட்டால் அதன் ஹெட்ரெஸ்ட்டை இறக்கிவிடுங்கள், பின்தட்டில் இருக்கும் தலையணை, பொம்மை, பை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உதவிக்கு ஒருவர் இருந்தால் 7-ஆம் படி சுலபமாக முடியும்.

ஓடும் காரில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மிரர் சுவிட்சை மூன்று நொடி தடவினால் 66 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள்.

1. சீட்டை முடித்துவிட்டு மிரருக்கு வாருங்கள்

மிரரில் என்ன தெரியும் என்பதை மிரரின் கோணமும் உங்கள் கண் இருக்கும் இடமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. கண் இரண்டு அங்குலம் இறங்கினாலே காட்சி மாறிவிடும். மிரரை வைத்துவிட்டுச் சீட்டை நகர்த்துபவர்கள் மறுபடியும் மிரருக்கு வந்தே ஆக வேண்டும்.

இடுப்பு சீட்டின் மூலை வரை போகும்படி உட்காருங்கள். பிரேக்கை முழுக்க அழுத்திய நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் சீட்டில் பட்டபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். சீட்டின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் அதையும் இப்போதே முடித்துவிட்டு, சீட்பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் போட்டதும் உடம்பு கொஞ்சம் பின்னால் போகும், கவனித்திருப்பீர்கள்.

புதிதாக ஓட்டுபவர்கள் மிரர் வைக்கும்போது விறைப்பாக நிமிர்ந்து உட்காருவார்கள், பத்தாவது நிமிடம் தளர்ந்துவிடுவார்கள். வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே உட்கார்ந்து மிரரை வையுங்கள்.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. நீண்ட பயணத்தில், யாரும் தொடாமலே உள் மிரரில் கூரை அதிகமாகத் தெரியத் தொடங்கினால், சரிந்திருப்பது நீங்கள்தான். மிரரைத் திருத்த வேண்டாம், நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது வண்டியை ஓரம் கட்டி ஓய்வெடுங்கள்.

2. உள் மிரர்

மிரரின் அடியில் லீவர் இருந்தால் முதலில் 3-ஆம் படியைப் பார்த்துவிட்டு வாருங்கள். மிரரின் சட்டத்தை ஓரத்தில் பிடித்துத் திருப்புங்கள். கண்ணாடிப் பரப்பில் விரல் பட்டால், இரவில் பின்னால் வரும் ஹெட்லைட் அந்த எண்ணெய்த் தடத்தில் பட்டுச் சிதறும்.

தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும்போது பின்பக்கக் கண்ணாடி முழுவதும் மிரருக்குள் அடங்க வேண்டும். உங்கள் காதோ தலைமுடியோ ஒரு மூலையை அடைத்தால் மிரரை இன்னும் கொஞ்சம் எதிர்ப் பக்கமாகத் திருப்புங்கள். பின்சீட்டில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பதற்காக மிரரைக் கீழே சாய்ப்பது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் சாலையின் தொலைவுப் பகுதி முழுக்கப் போய்விடும்.

உயரமானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கார்களில் மிரரின் தண்டில் இரண்டு மூட்டுகள் இருக்கும். மிரர் முன்சாலையை மறைத்தால் மேல் மூட்டில் தண்டைத் தூக்கிவிட்டு, பிறகு கீழ் மூட்டில் கோணத்தை வையுங்கள். மிரரில் மாலை, சங்கிலி, வாசனை அட்டை எதையும் தொங்கவிடாதீர்கள். ஆடிக்கொண்டிருக்கும் பொருள் கண்ணை இழுக்கும், எடை தாங்காமல் மூட்டும் மெல்ல இறங்கும்.

3. இரவு லீவர் எந்த நிலையில் இருக்கிறது?

மிரரின் அடியில் ஒரு சிறு லீவர் தொங்கினால், 2-ஆம் படிக்கு முன்பே அது பகல் நிலையில் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் லீவர் முன்கண்ணாடிப் பக்கம் தள்ளியிருந்தால் பகல், உங்கள் பக்கம் இழுத்திருந்தால் இரவு.

இந்த மிரரின் கண்ணாடி ஆப்பு வடிவில் இருக்கும்; ஒரு விளிம்பு தடிமன், மறு விளிம்பு மெல்லியது. பகலில் நீங்கள் பார்ப்பது பின்பக்க ரசப் பூச்சில் பட்டுத் திரும்பும் ஒளியை. லீவரை இழுத்ததும் அந்தப் பிரதிபலிப்பு கூரைப் பக்கம் போய்விடும். கண்ணாடியின் முன்பரப்பில் பட்டுத் திரும்பும் சுமார் 4 சதவீத ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். ஹெட்லைட் கூசாமல் இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

லீவர் இரவு நிலையில் இருக்கும்போது மிரரை அமைத்தால், அடுத்த நாள் லீவரைத் தள்ளியதும் எல்லாம் கோணலாகிவிடும். அதனால் எப்போதும் பகல் நிலையில் அமையுங்கள். இரவு நிலையில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரியும், தூரத்தைக் கணிப்பது கடினம். கூச்சம் போனதும் லீவரைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். தானாக மங்கும் மிரரில் லீவர் இருக்காது. அதில் உள்ள சிறிய சென்சார்களை ஸ்டிக்கர் எதுவும் மறைக்காமல் இருந்தால் போதும்.

4. சைடு மிரர் சமதளமா, குவியாடியா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் சைடு மிரரில் கை வைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓட்டுநர் பக்க மிரர் சமதளமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. வேறு பல நாடுகளில் இரண்டு பக்கமும் குவியாடி, அதாவது நடுவில் வெளியே புடைத்த மிரர். பழைய காரிலோ, உடைந்து மாற்றிய மிரரிலோ எதுவும் இருக்கலாம்.

சோதிப்பது எளிது. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் நேர் விளிம்பை மிரரின் குறுக்கே மெதுவாக வைத்துப் பாருங்கள். நடுவில் தொட்டு இரு முனையிலும் இடைவெளி தெரிந்தால் குவியாடி. ஸ்கேல் இல்லாவிட்டால், பின்னால் நிற்கும் ஒரே காரை உள் மிரரிலும் சைடு மிரரிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சைடு மிரரில் தெளிவாகச் சிறுத்துத் தெரிந்தால் அது குவியாடி.

குவியாடி அகலமாகக் காட்டும். அதற்கு விலையாக உருவம் சிறுக்கும், சிறுத்தது தூரத்தில் இருப்பதாக மூளை முடிவு கட்டும். ‘பொருள்கள் தெரிவதைவிட அருகில் உள்ளன’ என்று சில மிரர்களில் எச்சரிக்கை எழுதியிருப்பது இதனால்தான். இடமும் வலமும் வெவ்வேறு வகையாக இருந்தால் ஒரே தூரத்தில் வரும் வண்டி இரண்டிலும் இரண்டு அளவில் தெரியும்.

வெளிப்புற ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடோ புள்ளிவரிசையோ இருந்தால், அதற்கு அப்பால் வளைவு கூடுகிறது என்று பொருள். அந்தப் பகுதியில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள். எவ்வளவு தூரம் என்று அங்கே கணக்குப் போடாதீர்கள்.

5. ஓட்டுநர் பக்க சைடு மிரர்

இங்கே சொல்லும் முறையை ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995-இல் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்புக்கு எழுதிய கட்டுரையில் விளக்கினார். பழகிய கண்ணுக்கு முதலில் தப்பாகத்தான் தோன்றும்.

தலையை உங்கள் பக்கக் கதவுக் கண்ணாடியைத் தொடும் அளவுக்குச் சாயுங்கள். அந்த நிலையில், காரின் பின்பக்க ஓரம் மிரரின் உள் விளிம்பில் ஒரு நூலளவு மட்டும் தெரியும்படி மிரரை வெளியே திருப்புங்கள். இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். உங்கள் கார் மிரரிலிருந்து மறைந்திருக்க வேண்டும். அங்கே தெரிவது பக்கத்து லேன் மட்டும்.

சிறிது சிறிதாகத் திருப்புங்கள். மிரர் 1 டிகிரி திரும்பினால் பார்வைக்கோடு 2 டிகிரி திரும்பும். 30 மீட்டர் பின்னால் அது 1 மீட்டருக்கும் மேல், அதாவது ஒரு பைக் முழுசாக மறைந்துபோகும் அகலம். மின்சார மிரரில் சுவிட்சை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடுங்கள்.

கையால் கண்ணாடியை அழுத்தித் திருப்பும் வகை என்றால், வெளி விளிம்பை உள்ளே அழுத்தினால் பார்வை வெளிப்பக்கம் போகும். மேல் விளிம்பை அழுத்தினால் வானம் அதிகமாகத் தெரியும். விளிம்பின் நடுவில் இரண்டு விரலால் பரவலாக அழுத்துங்கள். மூலையில் கட்டைவிரலால் குத்தினால் கண்ணாடி விரியும்.

பக்கவாட்டுக் கோணம் முடிந்த பிறகு மேல்-கீழ் கோணம். அடிவானம் மிரரின் நடு உயரத்தில் இருக்கட்டும். பார்க்கிங் இடத்தில் அடிவானம் தெரியாது என்பீர்கள். அடிவானம் எப்போதும் உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். பின்னால் தொலைவில் இருக்கும் சுவரிலோ தூணிலோ, தரையிலிருந்து உங்கள் கண் உயரத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அதை நடுவில் கொண்டு வாருங்கள்.

6. எதிர்ப் பக்க சைடு மிரர்

இதற்குத் தலையை காரின் நடுக்கோட்டுக்கு, உள் மிரருக்கு நேர் கீழே வரும்படி, சாய்க்க வேண்டும். அங்கிருந்து பார்க்கும்போது காரின் ஓரம் உள் விளிம்பில் நூலளவு தெரிய வேண்டும். நிமிர்ந்ததும் மறைய வேண்டும். மேல்-கீழ் கோணம் முன்போலவே.

இந்த மிரர் கண்ணிலிருந்து ஓட்டுநர் பக்க மிரரைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதால், அதே அளவு கண்ணாடியில் குறைந்த அகலம்தான் தெரியும். சின்னத் தவறும் இங்கே பெரிதாகத் தெரிவது அதனால்தான். மின்சார மிரரில் எல், ஆர் தேர்வுக் குமிழை மாற்ற மறந்து, ஏற்கெனவே சரியாக வைத்த மிரரையே மறுபடி திருப்பிவிடுவதும் இந்தப் படியில்தான் நடக்கிறது. இரண்டும் முடிந்ததும் குமிழை நடு நிலைக்குக் கொண்டுபோய்விடுங்கள், கை பட்டாலும் மிரர் அசையாது.

7. வைத்தது சரியா என்று சோதிப்பது

மேலே சொன்ன சாய்வு தொடக்கப் புள்ளி மட்டுமே. குறிப்பாகக் குவியாடியில், முழுச் சாய்வுக்குத் திருப்பினால் சில கார்களில் அளவு மீறிப்போகும். தீர்ப்பு சோதனையின் கையில்.

நின்ற காரில், உதவியாளரை 15 மீட்டர் பின்னால் நிறுத்தி, பக்கத்து லேனின் நடுவில் நடந்து வரச் சொல்லுங்கள். நேராக முன்னால் பார்த்தபடி கண்ணை மட்டும் நகர்த்துங்கள். அவர் உள் மிரரின் ஓரத்தில் பாதி மறையும்போதே சைடு மிரரில் பாதி தெரிய வேண்டும். சைடு மிரரின் வெளி விளிம்பில் மறையத் தொடங்கும்போதே, ஓரக்கண்ணில் கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டும்.

எங்கே அறுந்தது என்பதை வைத்துத் திருத்துங்கள். உள் மிரரிலிருந்து மறைந்து, சைடு மிரரில் தெரிய ஓரிரு அடி தாமதமானால் சைடு மிரர் அளவு மீறி வெளியே போயிருக்கிறது. கொஞ்சம் உள்ளே கொண்டு வாருங்கள். சைடு மிரரிலிருந்து மறைந்து ஓரக்கண்ணில் வராமல் நடுவில் காணாமல் போனால், இன்னும் வெளியே திருப்ப வேண்டும். சமதள மிரரில் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாமல் போகலாம். அப்போது சைடு மிரருக்கும் ஓரக்கண்ணுக்கும் நடுவில் உள்ள முன்பக்க இடைவெளியை அடைத்துவிடுங்கள், ஏனென்றால் உள் மிரரில் சற்று முன்பு பார்த்த வண்டி நினைவில் இருக்கும், கதவோரம் ஒட்டி நிற்கும் வண்டி நினைவில் இருக்காது.

பிறகு ஓட்டத்தில் பாருங்கள். பல லேன் சாலையில், உங்கள் லேனிலேயே சீராகப் போய்க்கொண்டு, உங்களை முந்தும் ஒரு காரைத் தொடர்ந்து கவனியுங்கள். அதன் முன்விளக்கு உள் மிரரின் ஓரத்தைத் தாண்டும்போது சைடு மிரரில் மூக்கு நுழைய வேண்டும். சைடு மிரரில் அதன் பின்சக்கரம் இன்னும் தெரியும்போதே முன்சக்கரம் ஓரக்கண்ணில் வர வேண்டும். அடுத்து ஒரு பைக்குக்கும் இதே சோதனை. கார் நீளமானது, இரண்டு மிரரிலும் ஒருசேரத் தெரிந்து இடைவெளியை மறைத்துவிடும். பைக்தான் உண்மையைச் சொல்லும்.

8. லேன் மாறும்போது பார்க்கும் வரிசை

உள் மிரர், சைடு மிரர், இன்டிகேட்டர், மறுபடி சைடு மிரர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகே ஸ்டியரிங்.

உள் மிரர் முதலில் வருவது, உருவத்தைச் சிறுக்காமல் காட்டுவதால். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை அதில் கணியுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்பதைச் சைடு மிரரில் பாருங்கள். சைடு மிரரை மட்டும் நம்பி நுழைபவர்கள்தான் ‘தூரத்தில் இருந்தது, அதற்குள் வந்துவிட்டது’ என்கிறார்கள்.

ஒரே பார்வையில் வேகம் தெரியாது, இரண்டு பார்வை வேண்டும். நீங்கள் 70-இல் போகிறீர்கள், பின்னால் ஒரு கார் 100-இல் வருகிறது என்றால் ஒரு நொடிக்கு 8 மீட்டர் நெருங்குகிறது. இப்போது 25 மீட்டர் பின்னால் இருந்தால் மூன்று நொடியில் உங்கள் பக்கத்தில் இருக்கும். இன்டிகேட்டர் போட்டதும் மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான். இரண்டு பார்வைக்கும் இடையே உருவம் வளர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மிரர் எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் தோள் பார்வையை விடக் கூடாது. இரண்டு லேன் தள்ளியிருந்து ஒருவர் அதே இடத்துக்கு வரலாம். அவரை மிரர் காட்டாது. ஆனால் உடம்பைத் திருப்பிப் பின்பக்கக் கண்ணாடி வரை பார்ப்பது தேவையில்லை, ஆபத்தும்கூட. தாடை தோளைத் தொடும் அளவுக்குத் தலையைத் திருப்பி, பின்கதவுக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினால் போதும். உடம்பைத் திருப்பினால் கையும் ஸ்டியரிங்கை அதே பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

பிளைண்ட் ஸ்பாட்டில் வண்டி இருந்தால் எச்சரிக்கும் விளக்குள்ள கார்களிலும் இதே வரிசைதான். பம்பரில் இருக்கும் ரேடார் மீது சேறு படிந்தால் அந்த விளக்கை நம்ப முடியாது.

9. ரிவர்ஸ், குறுகிய சந்து

இந்த அமைப்பைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் பார்க்கிங்கில்தான் கைவிடுகிறார்கள்: ‘என் கார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.’ மிரரைத் தொட வேண்டாம். தலையை அந்த மிரரின் பக்கம் ஒரு சாண் சாயுங்கள், காரின் ஓரமும் பக்கத்துச் சுவரும் சேர்ந்து தெரியும்.

பின்சக்கரத்தையும் தரைக்கோட்டையும் பார்க்க, சில கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டதும் மிரர் தானாகக் கீழே சாயும். அந்த வசதி பல கார்களில் தேர்வுக் குமிழ் எல் அல்லது ஆர் நிலையில் இருந்தால்தான் வேலை செய்யும். ‘என் காரில் சாயவில்லை’ என்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். டிக்கிக்கு நேர் பின்னால், தரையோடு இருக்கும் குழந்தையோ தூணோ எந்த மிரரிலும் தெரியாது. இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

10. இந்த முறை எப்போது பொருந்தாது

உள் மிரரில் பின்பக்கம் தெரிந்தால்தான் சைடு மிரரை இவ்வளவு வெளியே திருப்பலாம். பின்னால் கண்ணாடி இல்லாத வேன், கூரை வரை சாமான் அடுக்கிய கார், டிரெய்லர் இழுக்கும் கார் ஆகியவற்றில் சைடு மிரரின் உள் விளிம்பில் வண்டியின் ஓரம் கொஞ்சம் தெரியும்படி பழைய முறையில் வையுங்கள். பிளைண்ட் ஸ்பாட் பெரிதாகும். தோள் பார்வையையும், லேன் மாறும் முன் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்சீட்டிலும் டிக்கியிலும் எடை ஏறினால் கார் பின்னால் அமுங்கி மூக்கு தூக்கும். மிரர்கள் மூன்றும் சாலையைக் குனிந்து பார்க்கும். ஆட்கள் ஏறிய பிறகு ஒருமுறை மேல்-கீழ் கோணத்தை மட்டும் சரிபாருங்கள். கூடவே ஹெட்லைட் உயரக் குமிழையும் ஒரு படி இறக்குங்கள், எதிரே வருபவரின் கண் பிழைக்கும்.

11. ஒட்டு மிரரும் அகல மிரரும்

சைடு மிரரில் ஒட்டும் சின்ன வட்டக் குவியாடியை வாங்கும் முன் மேலே உள்ள அமைப்பை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பலருக்குத் தேவைப்படாது. ஒட்டுவதானால் மேல் வெளி மூலையில் ஒட்டுங்கள், அங்கே பெரும்பாலும் வானம்தான் தெரியும். நடுவில் ஒட்டினால் முக்கியமான இடத்தை நீங்களே மூடிவிட்டதாகும். ஒட்டும் முன் ஈரமில்லாமல் துடையுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே விழும்.

உள் மிரர் மேல் மாட்டும் அகலக் குவியாடியைப் பரிந்துரைக்க மாட்டோம். தூரத்தைக் கணிக்க உதவும் சமதள மிரரை அது மூடிவிடுகிறது, இரவு லீவரும் பயனற்றுப் போகிறது, எடையால் மூட்டு இறங்குகிறது.

12. மழை, அழுக்கு, தளர்ச்சி

திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். மிரர் மேல் நேரடியாகத் தெளித்தால் விளிம்பு வழியாகப் பின்னால் இறங்கி ரசத்தை அரிக்கும். ஓரத்தில் கருப்புக் கறையாகத் தெரிவது அதுதான். மிரர் சூடேற்றி பல கார்களில் பின்பக்கக் கண்ணாடியின் பனி நீக்கும் பட்டனோடு சேர்ந்தே இயங்கும். மழையில் அதைப் போட்டால் துளிகள் சீக்கிரம் காயும். கதவுக் கண்ணாடியில் உள்பக்கம் பனி படர்ந்தால் மிரர் சுத்தமாக இருந்தும் எதுவும் தெரியாது, ஏசிக் காற்றை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

வேகத்தில் உருவம் நடுங்கினால் கண்ணாடியின் நான்கு ஓரங்களையும் விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கண்ணாடி மட்டும் ஆடினால் பின்னால் இருக்கும் கிளிப் உடைந்திருக்கும், மொத்தக் கூடும் ஆடினால் கதவில் இருக்கும் திருகு தளர்ந்திருக்கும். மோட்டாரில் மடங்கும் மிரரைக் கையால் தள்ளி மடக்கியிருந்தால் சில சமயம் பாதியில் நின்றுவிடும். சுவிட்சால் ஒருமுறை முழுக்க மடக்கி விரியுங்கள், டக் என்ற சத்தத்தோடு அதன் இடத்தில் உட்காரும். உட்கார்ந்த பிறகு 5-ஆம், 6-ஆம் படிகளை மறுபடி சரிபாருங்கள், கோணம் மாறியிருக்கும்.